இன்றிரவு எங்கே தங்குவது? பெயரில் மட்டும் மிஞ்சிய சத்திரங்களின் சாலை

செங்குன்றம் தாண்டி, காரனோடைப் பாலம் கடந்து வடக்கே போகும் பேருந்தில் நடத்துநர் "ஜனப்பன்சத்திரம் கூட்ரோடு" என்று குரல் கொடுப்பார். பாதிப் பேருந்து பரபரப்பாக எழுந்து நிற்கும். ஒரு கூட்டம் பெரியபாளையம் அம்மனைப் பார்க்கப் பேருந்து மாறும். இன்னொரு கூட்டம் தோளில் சாப்பாட்டுப் பையுடன் கம்பெனிக்கு ஓடும். சத்திரத்தைத் தேடி அங்கே யாரும் இறங்குவதில்லை.

ஆனால், அந்த இடத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நேரே போனால் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், ஆந்திர எல்லை. அப்படியே போய்க்கொண்டே இருந்தால் கொல்கத்தா. இடப்பக்கம் திரும்பினால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம். அப்படியே போனால் திருப்பதி. இரண்டு பெரிய பயணங்கள் பிரியும் முனை அது. சென்னையிலிருந்து காலையில் நடக்கத் தொடங்கும் ஒருவருக்கு, கால் ஓய்ந்துபோய்ப் பொழுது சாயும் தூரமும் அதுதான். சத்திரம் என்ற பெயர் அங்கே வந்து உட்கார்ந்ததில் ஆச்சர்யம் இல்லை.

அது ஒன்று மட்டுமா? பெங்களூரு நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம், அதற்கும் அப்பால் பாலுசெட்டிசத்திரம். திண்டுக்கல் பக்கம் ஒட்டன்சத்திரம். திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையம். தமிழ்நாட்டு வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினால், பழைய சாலைகள் ஓடும் இடமெல்லாம் இந்தச் சொல் தட்டுப்படும். இவற்றில் சில இன்று தொழிற்சாலைகளின் பெயரோடு செய்திகளில் வருகின்றன. முன்பு அவை ஒரே ஒரு கேள்விக்கான பதிலாக இருந்தன. 'இன்றிரவு எங்கே தங்குவது?'

ஊர்ப் பெயரே ஒரு கேள்வி

அந்தக் கேள்வியையே பெயராகக் கொண்ட ஊர் இந்த மாவட்டத்தின் தலைநகரமாக இருக்கிறது. திருவள்ளூரின் பழைய பெயர் திருஎவ்வுள். திருமழிசை ஆழ்வாரும் திருமங்கை ஆழ்வாரும் பாடிய, 108 திவ்ய தேசங்களில் ஒன்றான வீரராகவப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. அந்தக் கோயிலின் தல வரலாறு ஒரு விருந்தோம்பல் கதை.

சாலிஹோத்திரர் என்ற முனிவர் இங்கே தவம் இருந்தார். ஓர் ஆண்டு உண்ணாமல் இருந்து, நோன்பு முடிக்கும் நாளில் கொஞ்சம் மாவு தயாரித்து, 'யாராவது விருந்தாளி வரட்டும்' என்று காத்திருந்தார். ஒரு முதியவர் வந்தார். விருந்தாளியின் பங்கைக் கொடுத்தார் முனிவர். முதியவருக்குப் பசி அடங்கவில்லை. தனக்கென வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்தார். வயிறு நிறைந்ததும் முதியவருக்குக் களைப்பு. "படுக்க எவ்வுள்?" என்று கேட்டார். எந்த அறை, எந்த இடம் என்று பொருள். முனிவர் தன் குடிசையைக் காட்டினார். உள்ளே போய்ப் படுத்தவர் பெருமாளாகக் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். கருவறையில் இன்றும் பெருமாள் படுத்த கோலத்தில்தான் இருக்கிறார். அவரது வலது கை முனிவரின் தலைமேல் இருக்கிறது.

இந்தக் கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், இந்தக் கதையில் கடவுள் வரம் கொடுப்பவராக வரவில்லை. பசியும் களைப்புமாக வந்து, படுக்க இடம் கேட்பவராக வருகிறார். இடம் காட்டியதுதான் முனிவர் செய்த பெரிய காரியம். ஓர் ஊர் தன் பெயரை அந்தத் தருணத்திலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

அமாவாசைதோறும் அந்தக் கேள்வி இங்கே உயிரோடு திரும்பி வருகிறது. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க, கோயில் குளமான ஹிருத்தாபநாசினியை நோக்கி முதல் நாள் மாலையிலிருந்தே கூட்டம் சேரும். தை அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். விடியும் முன் குளக்கரைக்குப் போக வேண்டும் என்பதால் இரவே வந்துவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிக் கிடைத்த இடத்தில் போர்வையை விரிக்கிறார்கள். வசதி உள்ளவர்களுக்கு லாட்ஜ், இல்லாதவர்களுக்குத் திறந்தவெளி.

நடந்தவர்களின் சாலை

இன்றைக்குச் சாலை என்றால் நமக்குத் தார், மேம்பாலம், சுங்கச்சாவடி. நடந்து போன காலத்தில் சாலைக்கு வேறு உறுப்புகள் இருந்தன. நிழலுக்கு மரம். தாகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல். தலைச்சுமையை இன்னொருவர் உதவியில்லாமல் இறக்கிவைத்து, மறுபடி ஏற்றிக்கொள்ள தோள் உயரத்தில் ஒரு கல்மேடை. அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் சுமைதாங்கி வைப்பது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்.

இந்த வரிசையில் கடைசி உறுப்பு சத்திரம். திண்ணை, முற்றம், சமையற்கட்டு, பக்கத்தில் கிணறு அல்லது குளம். ஒரு நாள் நடைக்கு ஓரிடம் என்ற கணக்கில் அவை அமைந்தன. அரசர்கள் கட்டினார்கள்; வணிகர்கள் கட்டினார்கள்; பிள்ளை இல்லாதவர்கள் தங்கள் சொத்தை எழுதிவைத்துக் கட்டினார்கள்.

இந்த வடக்குச் சாலைகளின் பழைய பயணிகளில் ஒருவர் தன் வழியை எழுதி வைத்திருக்கிறார். அவர் ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18-ம் தேதி இரவு தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். உடன் நூறு பேருக்கும் மேல். பல்லக்குகள், கூடாரங்கள், சமையல் சாமான்கள் எல்லாம் கூடவே சென்றன. முதல் நிறுத்தம் மாதவரம். அங்கிருந்து திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர் என்று ஏறி காசியை அடைந்து, திரும்பும்போது கயா, கல்கத்தா, புரி, நெல்லூர் வழியாகக் கடலோரச் சாலையில் இறங்கி வந்தார். 1831 செப்டம்பரில் சென்னை திரும்பியபோது 15 மாதங்கள் கடந்திருந்தன. அதாவது, இன்று ஜனப்பன்சத்திரத்தில் பிரியும் இரண்டு திசைகளில் திருப்பதித் திசையில் போய், கொல்கத்தாத் திசையிலிருந்து திரும்பினார்.

வழியெங்கும் அவர் நண்பருக்கு எழுதிய குறிப்புகள் 1838-ல் 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற தெலுங்கு நூலாக வந்தன. எந்த ஊரில் சத்திரம் உண்டு, எங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது, எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் அவர் பதிந்துகொண்டே போனார். நூறு பேரோடு, காசோடு, கூடாரத்தோடு போனவருக்கே அது முக்கியமான தகவல். கையில் ஒரு மூட்டையோடு தனியாகப் போனவருக்கு அது உயிர்ப் பிரச்னை.

நள்ளிரவில் அடித்த மணி

ஒரு சத்திரம் உள்ளே எப்படி நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள இந்தச் சாலையை விட்டுத் தெற்கே தஞ்சாவூருக்குப் போக வேண்டும். காரணம், அங்கே ஓர் அரசர் அதை விரிவாக எழுதியே வைத்திருக்கிறார்.

1799-ல் தஞ்சை நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நாடு போனதைவிட, தன் முன்னோர் ராமேஸ்வரம் சாலையில் கட்டிய சத்திரங்கள் கைவிட்டுப் போய்விடுமோ என்பது இரண்டாம் சரபோஜி மன்னரின் பெரும் கவலை. 1801-ல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் பட்டியலே போட்டார்.

வரும் வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் மளிகையும். நள்ளிரவானதும் ஒரு மணி அடிக்கப்படும். 'இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்' என்று அறிவிப்பார்கள். நோயாளியாக வந்தவருக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும். விஷக்கடிக்கு வைத்தியர். கைக்குழந்தைகளுக்குப் பால். பிரசவ வலி கண்ட பெண்ணுக்குச் சத்திரச் செலவில் பிரசவம். அதன்பின் 3 மாதம் வரை அங்கேயே இருக்கலாம். சத்திரத்தில் பெற்றோரை இழந்த வெளியூர்க் குழந்தைகளை அங்குள்ள ஆசிரியர் பொறுப்பெடுத்துக்கொள்வார். அவர்களுக்கு மூன்று வேளை சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, படிப்பு. படித்து முடித்ததும் கல்யாணச் செலவும் சத்திரத்துடையது.

அரசருக்கு இது பெருமைக்குரிய விஷயம். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனாலும், ஒரு சத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் காலம் நினைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. நள்ளிரவு மணி என்பது சாதாரண ஏற்பாடு அல்ல. கடைசி ஆளும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவது.

அடுத்த ஆண்டே, 1802-ல், ஒரத்தநாட்டில் புதிய சத்திரம் ஒன்றைச் சரபோஜி எழுப்பினார். அவர் நேசித்த முக்தாம்பாள் என்ற பெண், இறக்கும் முன் தன் பெயரில் ஒரு சத்திரம் கட்டும்படி கேட்டுக்கொண்டதை நிறைவேற்றிய கட்டடம் அது. முக்தாம்பாள் சத்திரம் தஞ்சாவூர் - பட்டுக்கோட்டைச் சாலையில் இன்றும் நிற்கிறது. யானைகளும் குதிரைகளும் இழுத்துப் போகும் தேர்போல அதன் அடித்தளத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். பயணிகளுக்கான வீட்டுக்குத் தேரைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்குமா?

இதெல்லாம் சும்மா நடந்துவிடவில்லை. ஒவ்வொரு சத்திரத்துக்கும் நிலம் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அந்த நிலத்து நெல்தான் சத்திரத்துச் சோறு. நிலம் பத்திரமாக இருக்கும்வரை அடுப்பு எரியும். பின்னாளில் சத்திரங்கள் அணைந்த கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும்.

யாருக்குத் திறந்த கதவு?

'சத்திரத்துச் சோற்றுக்குத் தாதையங்கார் அப்பணையா?' என்று ஒரு பழமொழி உண்டு. அப்பணை என்றால் உத்தரவு. பொதுச் சோற்றைச் சாப்பிட யார் அனுமதி வேண்டும் என்று கேலியாகக் கேட்கிறது. நடைமுறையில் அனுமதி தேவைப்பட்டது என்பதே உண்மை.

தன் சத்திரங்களில் எல்லா சாதியாருக்கும் உணவு உண்டு என்று சரபோஜி எழுதினார். ஆனால், பல சத்திரங்களில் சமைத்த சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குத் திண்ணை. ஒடுக்கப்பட்டோருக்கு அந்தத் திண்ணையும் இல்லை. இளைஞராக 1904 வாக்கில் காசிக்குப் போன ஈ.வெ.ராமசாமி, பிராமணர் அல்ல என்பதால் ஒரு சத்திரத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டு வெளியே தள்ளப்பட்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டியவரே பிராமணர் அல்லாத ஒரு வணிகர் என்பது அவரை உலுக்கியது. பிற்காலத்துப் பெரியாரின் வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் இந்த நிகழ்ச்சியில் நின்றுவிட்டுத்தான் அடுத்த அத்தியாயத்துக்குப் போகின்றன.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. திருவள்ளூர் வீரராகவர் மீது பாடல் இயற்றியவர்களில் வள்ளலாரும் ஒருவர். அவர் 1867 மே 23-ம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் எதுவும் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு என்பது மட்டும்தான் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை.

சட்டம் மெதுவாகப் பின்னால் வந்தது. 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னை சட்டசபை ஏற்று, பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லோருக்கும் உரியவை என்றது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று தங்கும் இடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பொதுச் சத்திரத்தின் கதவு எல்லோருக்கும் சட்டப்படி திறந்தபோது, பெரும்பாலான சத்திரங்களில் அடுப்பு அணைந்திருந்தது என்பதுதான் வேதனை.

சத்திரம் ஆஸ்பத்திரியான கதை

சென்னையிலிருந்து வடக்கே புறப்படும் சாலையின் தொடக்கத்திலேயே, பழைய வண்ணாரப்பேட்டை - ராயபுரம் பகுதியில், இன்னொரு சத்திரம் இருக்கிறது. மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது 'மோனேகர் சவுல்ட்ரி' ஆனது.

1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியுடனான போரில் வயல்கள் எரிந்தன. பஞ்சம் வந்தது. சுற்று வட்டார மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை நோக்கி வந்தார்கள். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கியது இது. ஊர்த் தலைவரான ஒரு மணியக்காரர் ஆரம்பித்துவைத்தது என்பதால் இந்தப் பெயர். பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். அதனால் 1799-ல் டாக்டர் ஜான் அண்டர்வுட் அங்கே மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து, 1938-ல் கல்லூரியும் சேர்ந்து, இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையாக நிற்கிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கத்திலிருந்து அவசரம் என்றால் இன்றும் ஆம்புலன்ஸ்கள் ஓடும் இடம் அதுதான். மணியக்காரர் சத்திரமும் அதன் அருகிலேயே, ஆதரவற்ற முதியவர்களுக்கான இல்லமாகத் தொடர்கிறது.

ஒரு கஞ்சித்தொட்டியிலிருந்து ஒரு பெரிய அரசு மருத்துவமனை. சத்திரத்தைக் காலத்துக்கு ஏற்ப மாற்ற முடியும் என்பதற்கு இந்தச் சாலையே சாட்சி.

ரயில் வந்தது, சோறு நின்றது

1817-ல் சென்னை மாகாண அரசு 7-வது ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கோயில், மசூதி, பாலம், சத்திரம் ஆகியவற்றுக்கு எழுதிவைத்த நிலங்களின் வருமானம் வேறு வழியில் போகாமல் மேற்பார்வை செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தர்ம நிலங்களின் வருமானம் தனியார் கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் இரும்பில் வந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் திருவள்ளூர் வழியாக ஓடியது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கேயும் தண்டவாளம் வந்துவிட்டது. அதற்கு முன்பே பழவேற்காட்டுப் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகுகள் சென்னைக்கும் ஆந்திரக் கடற்கரைக்கும் இடையே போய்வந்தன. ஒரு நாள் நடை ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. வழியில் தங்க வேண்டிய அவசியம் போனது. ஊர்தோறும் இருந்த சத்திரத்தின் வேலை, ரயில் நின்ற இடத்துக்கு மாறியது. சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரமும், அதே பக்கத்தில் சித்திக் சராயும் எழுந்தது அதனால்தான். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ரயில்கள் இரண்டும் இன்றும் வந்து சேர்வது அந்த வாசலுக்குத்தான்.

சொல்லும் மெல்ல இடம் மாறியது. சென்னையில் இன்று 'சவுல்ட்ரி' என்றால் கல்யாண மண்டபம். வழிப்போக்கருக்கு இலவசமாக இருந்த கூடம், நாள் வாடகைக்கு விடும் கூடமாயிற்று.

எல்லாச் சத்திரங்களும் அப்படி ஆகவில்லை. வீராசாமி நடந்த பாதையின் மறுமுனையான காசியில், நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863-ல் நிறுவிய சத்திரம் இன்றும் தமிழ்ப் பயணிகளுக்கு அறையும் சாப்பாடும் கொடுக்கிறது. விசுவநாதர் கோயில் பூஜைக்கான பொருள்கள் அந்தச் சத்திரத்திலிருந்து நாள்தோறும் போகின்றன. கணக்கும் சொத்தும் ஒரு சமூகத்தின் கண்காணிப்பில் தொடர்ந்து இருந்தது அதன் பலம். பல தலைமுறை கடந்தும் 'இது நம் சத்திரம்' என்று சொல்ல ஆள் இருந்தார்கள்.

மறுபடியும் நடந்தார்கள்

2020 மார்ச் 24-ம் தேதி இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. ரயில் இல்லை, பேருந்து இல்லை. வேலையும் இல்லை. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் சென்னையிலிருந்தும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலிருந்தும் வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். ஆந்திரா, ஒடிசா, பீகார், மேற்கு வங்கம். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், சிலர் இடுப்பில் குழந்தை. அவர்கள் நடந்தது கொல்கத்தா நெடுஞ்சாலையில். செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், கும்மிடிப்பூண்டி வழியாக. காசிக்குப் போய்த் திரும்பிய வீராசாமியின் கூட்டம் கடலோரமாக வந்த அதே திசை. 190 ஆண்டுகளுக்குப் பின், நாற்கரச் சாலையில் மறுபடியும் நடைப் பயணிகள்.

அப்போதுதான் தெரிந்தது, இந்தச் சாலையில் வாகனத்துக்கு எல்லாம் இருக்கிறது. நடப்பவருக்கு ஒன்றுமில்லை என்று. நிழல் மரங்கள் சாலை விரிவாக்கத்தில் போய்விட்டன. சாலையோரத்தில் தண்ணீரும் சோறும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால், படுக்க இடம்? அதிகாரிகள் பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் திறந்தார்கள். 2015 பெருவெள்ளத்தின்போதும் அப்படித்தான் நடந்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் 'சவுல்ட்ரி' தன் பழைய அர்த்தத்துக்குத் திரும்பிவிடுகிறது.

நெருக்கடி இல்லாத நாள்களிலும் கேள்வி ஓயவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்காலைகள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். பக்கத்தில் தேர்வாய்கண்டிகையில் டயர் தொழிற்சாலை. வேலை தேடி நாட்டின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். முதல் இரவுக்கு ஊர்க்காரர் யாராவது அறையில் ஒரு மூலை கொடுத்தால் உண்டு. பிறகு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் பலர் சேர்ந்து வாடகை பகிர்ந்துகொள்கிறார்கள். பகல் ஷிஃப்ட் போனவர் திரும்பும்போது இரவு ஷிஃப்ட்காரர் எழுந்து போகிறார்.

ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் கொடுக்க வேண்டும் என்று, மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கான சட்டம் 1979-லேயே சொன்னது. 2024 ஆகஸ்ட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. அதற்கான செலவு சுமார் 706 கோடி ரூபாய். இது நல்ல தொடக்கம். பெயர்ப் பதிவு, நிறுவன அடையாள அட்டை உள்ளவர்களுக்கு இப்படி ஒரு வாசல் திறக்கிறது. ரயிலிலிருந்து இறங்கி, இன்னும் வேலை கிடைக்காமல், கையில் ஒரு போன் நம்பரோடு நிற்பவருக்கான வாசல்? பழைய சத்திரம் இருந்தது அந்த ஆளுக்காகத்தான். பெயர் தெரியாத, நாளை காலை போய்விடப்போகிற ஆள். அவரிடம் பதிவேடும் கேட்கவில்லை, வாடகையும் கேட்கவில்லை. சாதி கேட்டார்கள், அதுதான் அதன் களங்கம். அந்தக் களங்கத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ள இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, பணமும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார ரயில்கள் உண்டு. வீரராகவர் கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் அமாவாசையைத் தவிர்த்துவிட்டு வேறு நாளில் போகலாம். குளத்தில் வெல்லம் கரைப்பதும், உப்பும் மிளகும் சேர்ப்பதும் இங்கே பக்தர்களின் வழக்கம். நோய் தீர்க்கும் வைத்திய வீரராகவர் என்பது பெருமாளின் இன்னொரு பெயர்.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்கள், ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் ஒரு தேநீருக்கு வண்டியை நிறுத்தலாம். தஞ்சைப் பக்கம் போனால் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தின் கல் யானைகளையும் குதிரைகளையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

உங்கள் ஊரிலேயே சத்திரத் தெரு, சத்திரத்துக் குளம், சத்திரத்து மேடு என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கக்கூடும். வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகள் கேட்டுப் பாருங்கள். யார் கட்டினார்கள்? எந்த நிலத்து வருமானத்தில் நடந்தது? அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் சுவாரஸ்யமான கதைகள் கிடைக்கும். மூன்றாவதற்கு மட்டும் வட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டியிருக்கலாம். போய்க் கேட்பதில் தவறில்லை. அது வழிப்போக்கருக்கு எழுதிவைத்த நிலம்.